பால்பெக்: விழுந்த தூண்களை நிமிர்த்தலாமா, கூடாதா?

நடை_செல்வி:
லெபனானில் பெக்கா பள்ளத்தாக்கில் இருக்கும் பால்பெக் ரோமானியக் கோயில்களுக்கு அப்பாவோடு போய்வந்தேன். வந்ததிலிருந்து ஒரே கேள்வி மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜூபிடர் கோயிலைச் சுற்றி ஒரு காலத்தில் 54 தூண்கள், இன்று நிற்பது வெறும் 6. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 மீட்டர், ஆறு மாடி உயரம், அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து நோகிறது. ஆனால் அந்த ஆறை விட்டால் மற்றதெல்லாம் மேடும் உருண்டு கிடக்கிற கல்லும்தான். "சரிம்மா, கோயில் எங்கே?" என்று அப்பா கேட்டார், எனக்குக் கைகாட்டத் தெரியவில்லை. கல் அங்கேயே கிடக்கும்போது கிரேன் வைத்து நாலைந்து தூணையாவது நிறுத்தினால் என்ன? துருக்கியில் பெர்காமோனில் டிராஜன் கோயிலை ஜெர்மானியர்கள் அப்படித்தானே தூக்கி நிறுத்தினார்கள், பார்த்த உடனே கோயில் என்று தெரிகிறதே.

கல்வெட்டுக்காரன்:
கூடாதுங்க. நானும் அங்கே போயிருக்கிறேன். பக்கத்திலேயே இருக்கும் பாக்கஸ் கோயிலின் தெற்குப் பக்கத்தில் ஒரு தூண் சுவரில் சாய்ந்து நிற்கிறதே, கவனித்தீர்களா? அடி நழுவி, முழுத் தூணும் அப்படியே சரிந்து சுவரில் தலையை வைத்துக்கொண்டிருக்கிறது. அது ஒரே கல் இல்லை, துண்டு துண்டாக அடுக்கியது. அந்தச் சாய்வில் நியாயமாகப் பார்த்தால் துண்டுகள் பிரிந்து சிதறியிருக்க வேண்டும், சிதறவில்லை. உள்ளே உலோக முளை வைத்துப் பூட்டியிருப்பதால்தான். ரோமானியக் கொத்தர்களின் கைத்திறனுக்கு அந்த வளாகத்தில் அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. நீங்கள் கிரேன் வைத்து நிமிர்த்திவிட்டால் அது இன்னொரு தூண், அவ்வளவுதான்.

நடை_செல்வி:
சாய்ந்த தூணைத் தொட வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். நான் சொல்வது ஜூபிடர் கோயிலை. 1751இல் ராபர்ட் வுட் என்பவர் வந்து வரைந்தபோது 9 தூண்கள் நின்றன. 1759 நிலநடுக்கத்தில் மூன்று போயின. அந்த மூன்றும் எங்கே நின்றன, எப்படி நின்றன என்பதற்குப் படமே இருக்கிறது. அந்த மூன்றை மட்டும் எழுப்புங்கள் என்கிறேன். கற்பனையாக எதையும் கட்டச் சொல்லவில்லையே.

மணி_சிவில்:
செல்வி அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு தூணின் தண்டு மூன்று துண்டு, குறுக்களவு 2.2 மீட்டர். என் கணக்கில் ஒரு துண்டு சுமார் 50 டன் வரும். இன்றைய கிரேனுக்கு அது பெரிய வேலையே இல்லை. இன்னொன்றையும் யோசியுங்கள், தரையில் கிடக்கிற சுண்ணாம்புக்கல் பத்திரமாகவா இருக்கிறது? மழைத் தண்ணீர் தேங்குகிறது, பெக்காவில் குளிர்காலத்தில் உறைபனி வேறு, ஆட்கள் ஏறி மிதிக்கிறார்கள். அப்படியே விடுவோம் என்று நீங்கள் சொன்னாலும் அது அப்படியே இருக்கப்போவதில்லை.

கல்வெட்டுக்காரன்:
மணி தம்பி, தூக்குவது எளிதுதான், நான் பயப்படுவது தூக்கிய பிறகு நடப்பதற்கு. ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் குன்றின் கதை தெரியுமல்லவா? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலானோஸ் என்ற பொறியாளர் அங்கே இருக்கும் பார்த்தினன் கோயிலில் விழுந்து கிடந்த தூண்களை நிறுத்தினார், கற்களை இரும்புக் கவ்வி போட்டு இணைத்தார். பழைய கிரேக்கர்கள் இரும்பைச் சுற்றி ஈயம் ஊற்றித்தான் பதித்தார்கள், அவர் ஊற்றவில்லை. இரும்பு துருப்பிடித்து உப்பி, சலவைக்கல்லை உள்ளேயிருந்தே பிளந்தது. அப்புறம் வந்தவர்கள் அத்தனையையும் பிரித்து டைட்டானியம் போட்டுச் சேர்க்கவே பல பத்து வருஷம் ஆகிவிட்டது. பலானோஸ் தெரியாமல் செய்தவர் இல்லை, அந்தக் காலத்தில் அதுதான் சிறந்த முறை என்று நம்பிச் செய்தவர். நம்முடைய சிறந்த முறைக்கும் நாளைக்கு என்ன ஆகும்?

அப்புறம் செல்வி, மூன்று தூண் நின்ற இடம் படத்தில் இருக்கிறது, சரி. கிடக்கிற துண்டுகளில் எது அந்த மூன்றுக்கு உரியது, எது மற்ற 45க்கு உரியது? தண்டில் பள்ளக்கோடு கிடையாது, எல்லாம் வழவழப்பு, எல்லாம் ஒரே அளவு. தோதாக இருக்கிறதே என்று ஒன்றை எடுத்து வைத்தால் அது பொய்க் கோயில்.

இன்னொரு வருத்தமும் எனக்கு உண்டு. அந்தப் பெரிய முற்றத்தில் பைசாந்தியக் காலத்தில் தேவாலயம் கட்டினார்கள். பின்னால் வந்த முஸ்லிம் ஆட்சியில் வளாகம் முழுவதையும் கோட்டையாக்கினார்கள், ஊர்க்காரர்கள் இன்றும் அதைக் கோட்டை என்றுதான் சொல்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டில் தொல்லியலாளர்கள் ரோமானியப் பலிபீடம் தெரிய வேண்டும் என்று அந்தத் தேவாலயத்தின் மிச்சத்தைப் பிரித்துப் போட்டார்கள். ரோமானியர் காலம் மட்டும்தான் வரலாறா? வழிபாடு நடக்கிற கோயிலுக்குத் திருப்பணி செய்யலாம், செய்யத்தான் வேண்டும். வழிபாடு நின்று ஆயிரத்தைந்நூறு வருஷம் தாண்டிய இடத்தில் யாருக்காகச் செய்வது?

நடை_செல்வி:
பார்க்க வருகிறவர்களுக்காக! எழுபது வயதில் அவ்வளவு தூரம் வந்து படியேறிய மனிதருக்காக. ரோமில் பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயில் முழுசாக நிற்கிறது என்றால், 609இல் அதைத் தேவாலயமாக்கி யாரோ தொடர்ந்து பராமரித்ததால்தான். கை வைக்காமல் விட்டதால் அது பிழைக்கவில்லை.

பெக்கா_பழனி:
ஆறு வருஷம் லெபனானில் வேலை பார்த்தவன், ஒரு வார்த்தை சொல்கிறேன். நீங்கள் இருவரும் கிரேனைப் பற்றிப் பேசுகிறீர்கள். 2024 நவம்பரில் இஸ்ரேலிய விமானத் தாக்குதலில் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருந்த ஒட்டோமான் காலக் கட்டடம் ஒன்று தரைமட்டமானது. அதே மாதம் யுனெஸ்கோ பால்பெக் உட்பட லெபனானின் 34 இடங்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு அறிவித்தது. நாட்டில் 2019இலிருந்து பணத்துக்கு மதிப்பே இல்லை, ஆட்கள் பாங்கியில் போட்ட தங்கள் பணத்தையே எடுக்க முடியாமல் நின்றார்கள். இந்த நிலையில் ஒரு காசு கிடைத்தாலும் நிற்கிற ஆறு தூணின் அடியைப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் உலோகத்துக்காக எவனோ எப்போதோ குடைந்த ஓட்டைகள் இருக்கின்றனவே, அதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். ஏழாவது தூண் அப்புறம்.

மணி_சிவில்:
பழனி அண்ணன் சொல்லும் வரிசை சரி, முதலில் நிற்பதைக் காப்பாற்றுவோம். ஆனால் எழுப்பவே கூடாது என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. ஒவ்வொரு துண்டையும் லேசர் வைத்து அளந்தால் உடைந்த முகம் உடைந்த முகத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிடலாம். பொருந்தினால் நிறுத்துங்கள், பொருந்தாவிட்டால் விடுங்கள்.

கல்வெட்டுக்காரன்:
அளப்பதற்கு நான் எதிரி இல்லை, நாளைக்கே அளக்கட்டும். செல்வி, ஒன்று கேட்கிறேன். ஆறு தூணுக்குக் கீழே, கூரை விளிம்பான கொடுங்கையிலிருந்து விழுந்த ஒரு கல் கிடக்குமே, சிங்கமுகம் செதுக்கியது, மழைத் தண்ணீர் வாய் வழியாகக் கொட்டுவதற்காகச் செய்தது. பார்த்தீர்களா? மேலே இருந்தவரை அதன் பிடரி மயிரை எந்த மனிதனும் இவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்க மாட்டான்.

நடை_செல்வி:
பார்த்தோம். அப்பா அதன் வாய்க்குள் கைவிட்டுப் பார்த்தார், உள்ளே உளி ஓடிய தடம் விரலுக்குத் தெரிகிறது என்றார். அங்கிருந்து கிளம்ப அவருக்கு மனசே இல்லை. ஆனால் இது மேலே எந்த இடத்தில் இருந்தது என்று அவர் கேட்டபோது நான் வெறும் வானத்தைத்தான் காட்டினேன், அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.