பெரியமாமாவின்ர சிமாண்டே

குழு: மாமரத்தடி வீடு

சனிக்கிழமை

நான்: பெரியமாமா, நித்திரையோ? ஒரு விசயம் சொல்லோணும்.

பெரியமாமா: இல்லை மருமோன். தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கிறன். சொல்லு.

நான்: சிமாண்டே லண்டனில வாசிக்கினம். அடுத்த மாதம். ரெண்டு ரிக்கற் எடுத்திட்டன். உங்களுக்கும் எனக்கும்.

நான்: மாமா?

நான்: நீலச் சரி விழுந்திட்டுது, பதிலைக் காணேல்ல.

மாமி: தம்பி, இவர் போனை மேசையில வைச்சிட்டு எழும்பி அறைக்குள்ள போட்டார். என்ன சொன்னனீ?

சுதா அக்கா: ஆர் சிமாண்டே? எந்த நாட்டுப் பாட்டுக்காரர்?

அம்மா: அண்ணைக்கு என்ன? சுகமில்லையோ?

மாமி: சுகம்தான் மச்சாள். கட்டிலுக்குக் கீழ இருந்த பெட்டியை இழுத்து வைச்சுக் கிண்டுறார். தூசி முழுக்க அறைக்குள்ள.

பெரியமாமா: 📷 படம்

பெரியமாமா: இதுதான். 1972-ல வந்த முதல் அல்பம். மட்டையின்ர மூலையில நீலப் பேனையால எழுதியிருக்கிறது தெரியுதோ? அது என்ர கையெழுத்து இல்லை. அதைப் பிறகு சொல்லுறன்.

பெரியமாமா: சுதா, இது ஒராள் இல்லைப் பிள்ளை, ஒரு பெரிய கோஷ்டி. 1971-ல லண்டனில தொடங்கினது. கயானா, யமேக்கா, சென்ற் வின்சன்ற் எண்டு கரிபியன் பக்கத்தில பிறந்து இஞ்ச வந்து வளந்த பெடியள். பேஸ் கிற்றார், அதுதான் தாழ்ந்த சுருதியில அதிரிற கிற்றார், வாசிக்கிறவர் ஸ்ரீவ் சிப்பியோ. கிற்றார் பற்றிக் பற்றர்சன். ரெண்டு பேரும் கயானாக்காரர், பால்ஹமில ஒண்டா வளந்த சிநேகிதர். பால்ஹம் எண்டால் எங்கட ரூட்டிங் பெக் ஸ்ரேசனுக்கு அடுத்த ஸ்ரேசன். நான் 1985-ல வந்து இறங்கின இடத்தில இருந்து நடந்து போற தூரம்.

பெரியமாமா: சிமாண்டே எண்டால் புறா. கலிப்சோ எண்ட கரிபியன் பாட்டில வாற சொல்லு. சமாதானத்துக்கும் அன்புக்கும் அடையாளமா வைச்ச பேர்.

நிலா: தாத்தா இது ரெகேயா, சோலா?

பெரியமாமா: ரெண்டும் இருக்கு செல்லம். ஃபங்க் இருக்கு, கலிப்சோ இருக்கு, யமேக்காவில ரஸ்தாஃபாரி எண்ட சமயக்காரர் கூடி இருந்து அடிக்கிற மேளமும் இருக்கு. ஒரு பேருக்குள்ள அடங்காததால தங்கட இசைக்குத் தாங்களே நையா-றொக் எண்டு பேர் வைச்சவை. ஹெட்ஃபோன் போட்டுத்தான் கேக்கோணும். போன் ஸ்பீக்கரில பேஸ் வராது, பேஸ் இல்லாட்டி இந்தக் கோஷ்டியில பாதி இல்லை.

பெரியமாமா: முதல்ல ‘பிறா’ எண்ட பாட்டைக் கேள். அது அவையின்ர பேச்சில பிறதர். நாங்கள் ‘அண்ணை’ எண்டு கூப்பிடுற மாதிரி.

பெரியமாமா: பாட்டின்ர நடுவில குரலும் நிக்கும், குழலுகளும் நிக்கும். பேஸும் றம்ஸும் கொங்கா எண்ட கை மேளமும் மட்டும் போய்க்கொண்டிருக்கும். சிப்பியோ அதில வேகமா ஒண்டும் வாசிக்கேல்ல. விரல் ஓட்டம் காட்டேல்ல. ஒரே வரியைத் திருப்பித் திருப்பி வாசிக்கிறார், ஆனால் எந்த இடத்தில சத்தம் விடோணும், எந்த இடத்தில விடக்கூடாது எண்டு அளந்து வைச்சிருக்கிறார். நான் ஊரில எங்கட கோஷ்டிக்குப் பேஸ் வாசிச்சனான், அம்மாவைக் கேள். இடைவெளி விடுறதுதான் பேஸில கஷ்டமான வேலை. பெடியனா இருக்கேக்க எனக்கு அது விளங்கேல்ல. நிரப்பி நிரப்பி வாசிச்சனான்.

அம்மா: ஓம். கோயில் திருவிழாவுக்கு மேடை போட்டு வாசிச்சவர். அப்பா பின்னுக்கு நிண்டு பாத்திட்டு ஒண்டும் சொல்லாமல் வீட்டை வந்தவர்.

நிலா: கேட்டிட்டன். தாத்தா எனக்கு இது தெரியும்!! டி லா சோலின்ர பாட்டில இந்தப் பேஸ் வருது.

பெரியமாமா: ஓம் செல்லம், அது அமெரிக்க ஹிப் ஹொப் கோஷ்டி, இந்தப் பாட்டில இருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துத் தங்கட பாட்டில போட்டவை. 1989-ல வந்தது. இனி ‘டவ்’ எண்டதைக் கேள். 11 நிமிசத்துக்குக் கிட்ட வரும். பொறுமையாக் கேள்.

நிலா: இது ஃபியூஜீஸ்!!! ‘த ஸ்கோர்’!

பெரியமாமா: 1996. அவையும் ஹிப் ஹொப் கோஷ்டிதான். உலகம் முழுக்கப் போன அல்பம் அது. கேட்ட சனத்தில எத்தினை பேருக்குத் தெரியும், அதுக்குள்ள இருக்கிற கிற்றார் பால்ஹம் பெடியன்ர எண்டு?

சுதா அக்கா: இவ்வளவு கெட்டிக்காரர் எண்டால் ஏன் மாமா ஒருத்தருக்கும் தெரியாமல் போச்சு?

பெரியமாமா: அதுதான் சுதா எனக்கு இண்டைக்கும் நெஞ்சில கிடக்கிறது. ஜோன் ஷ்ரோடர் எண்ட தயாரிப்பாளர் சோஹோவில ஒரு கிளப்பில இவை ஒத்திகை பாக்கேக்க கேட்டிட்டு அல்பம் போட்டவர். அமெரிக்காவில ‘த மெசேஜ்’ எண்ட பாட்டு 1973-ல ஆர் அண்ட் பி வரிசையில 20-ஆவது இடம் வரைக்கும் போச்சு. அல் கிறீன் எண்ட பெரிய சோல் பாடகரோட சேந்து ஊர் ஊராப் போய் வாசிச்சவை. நியூயோர்க் ஹார்லமில அப்போலோ எண்ட பேர்போன மேடையில ஏறினவை. அந்த மேடையில சனத்துக்குப் பிடிக்காட்டி கூவி இறக்கிப்போடும். இவையைக் கொண்டாடினது. அதுக்குப் பிறகு லண்டனுக்குத் திரும்பி வந்தால் இஞ்ச ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்ல. றேடியோ போடேல்ல, பெரிய மேடை ஒண்டும் குடுக்கேல்ல. அந்தக் காலத்தில பொலிஸ்காரன் கறுத்தப் பெடியனை றோட்டில மறிச்சு, சந்தேகம் எண்ட ஒரு சொல்லோட பிடிச்சுக்கொண்டு போகலாம். 1824-ஆம் ஆண்டுச் சட்டத்தின்ர ஒரு பிரிவு. 1981-லதான் எடுத்தவங்கள். அப்பிடியிருந்த ஊரில ஒன்பது பத்துக் கறுத்தப் பெடியள் சேந்து சமாதானம் எண்டு பாடினால் ஆர் கேக்கிறது?

பெரியமாமா: மூண்டு அல்பத்தோட 1970-களின்ர நடுவில விட்டிட்டினம். சிப்பியோவும் பற்றர்சனும் சட்டம் படிச்சு லோயரா வேலை செய்தவை.

அம்மா: பாவம் பிள்ளையள்.

நிலா: அப்ப டி லா சோலுக்கு எப்பிடித் தெரிஞ்சது?

நான்: நிலா, அதை நான் சொல்லுறன், மாமா எனக்குச் சின்ன வயசில செய்து காட்டினவர். நியூயோர்க் பிறொங்க்ஸில 1973-ல குல் ஹேர்க் எண்டு ஒரு டீஜே, அவரும் யமேக்காவில பிறந்தவர். பாட்டில மேளம் மட்டும் வாற இடத்திலதான் சனம் கூட ஆடுது எண்டு கண்டுபிடிச்சவர். அந்த இடம் கொஞ்ச நேரம்தான் வரும். அதால ஒரே றெக்கோட்டில ரெண்டு வாங்கி ரெண்டு பிளேயரில வைச்சு, ஒண்டில அந்த இடம் முடிய மற்றதில தொடங்கிறது. அதுக்குள்ள முதலாவதைக் கையால பின்னுக்குச் சுத்தி விடுறது. அப்பிடியே எவ்வளவு நேரமும் நீட்டலாம். ஹிப் ஹொப் அதில இருந்துதான் வந்தது. அந்த டீஜேமாரின்ர பெட்டிக்குள்ள ‘பிறா’வும் இருந்தது.

பெரியமாமா: லண்டன் மூடி வைச்ச றெக்கோட்டை பிறொங்க்ஸ் பெடியள் தேயத் தேயப் போட்டிருக்கிறாங்கள். அவங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறன்.

சுதா அக்கா: மாமா, பேனையால எழுதினது ஆர் எண்டு இன்னும் சொல்லேல்ல.

பெரியமாமா: சொல்லுறன் பிள்ளை. கொஞ்சம் பொறு. கண்ணாடியைத் துடைக்கிறன்.

பெரியமாமா: நான் வந்த புதுசில பஸ் கராஜில இரவு வேலை. பஸ் கூட்டிக் கழுவிறது. என்னோட ஒரு கயானாக்காரர் வேலை செய்தவர். என்னை விட பதினைஞ்சு வயசு மூப்பு. எனக்கு அப்ப இங்கிலிஸ் வாயில வராது. 83-ல எங்களுக்கு நடந்ததை ஒருத்தருக்கும் சொல்ல ஏலாமல் இருந்தனான். அவர் ஒண்டும் கேக்கமாட்டார். விடியப்புறம் மூண்டு மணிக்கு ஒரு சின்ன கசெற் பிளேயரை வாளிக்குப் பக்கத்தில வைச்சு இந்த அல்பத்தைப் போடுவார். பஸ்ஸுக்குள்ள தகரத்தில பட்டு பேஸ் அதிரும். முதல் நாள் நான் தும்புத்தடியைப் பிடிச்சபடி நிண்டிட்டன்.

பெரியமாமா: கொங்காவைக் கேட்டிட்டு, எங்கட ஊரில பறை எண்டு ஒண்டு இருக்கு எண்டு கையால அடிச்சுக் காட்டினன். அவர் சிரிச்சுக்கொண்டு “தப்பு” எண்டார். நான் திகைச்சுப் போனன். அவர் கயானாவில பேர்பிஸ் பக்கத்து ஆள். அங்க மதராசிலயிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோன சனத்தின்ர காளி கோயில் இருக்காம், அதில தப்பு அடிக்கிறதைக் கேட்டு வளந்தவராம். ஆபிரிக்க வழி வந்த மனுசன், என்ர மேளத்தின்ர பேரை எனக்குச் சொல்லுறார், பஸ் கராஜில வைச்சு.

அம்மா: அண்ணை, இதை ஒருநாளும் எங்களுக்குச் சொல்லேல்லையே.

பெரியமாமா: எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்ல.

பெரியமாமா: நான் கராஜை விட்டுப் போகேக்க றெக்கோட்டைத் தந்தவர். மூலையில எழுதியிருக்கிறது அவற்ற பேர். நான் செய்த வேலை என்ன தெரியுமோ? ஒரு கோடையில காரின்ர பின்கண்ணாடிக்குக் கீழ வைச்சிட்டுக் கடைக்குப் போட்டன். வந்து பாத்தால் அப்பளம் மாதிரி நெளிஞ்சு போய்க் கிடந்தது. ரெண்டு கண்ணாடித் தட்டுக்கு நடுவில வைச்சு மேல புத்தகம் அடுக்கி மாசக்கணக்கா வைச்சன். பாதிதான் சரிவந்தது. ஊசி ஏறி இறங்க சுருதி ஆடும். அவர் இருக்குமட்டும் இதை அவருக்குச் சொல்ல எனக்கு மனம் வரேல்ல.

மாமி: அவர் போய் ஆறு வருசம். மனுசி ரூட்டிங்கிலதான் இருக்கிறா. நத்தாருக்கு நாங்கள் போறனாங்கள், அவ கறுத்தக் கேக் தருவா.

நான்: மாமா, முதல் மூண்டு அல்பமும் இப்ப திரும்ப அச்சடிச்சு வந்திருக்கு. புது வைனில். நான் வாங்கித் தாறன்.

பெரியமாமா: மருமோன், உனக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் காணாது. ஆனால் ரிக்கற் விசயத்தில ஒண்டு கேக்கட்டோ? இன்னும் ஒண்டு எடுக்கேலுமோ? அவற்ற மனுசியைக் கூட்டிக்கொண்டு போகாமல் நான் அங்க போய் நிக்க ஏலாது.

நான்: பாக்கிறன் மாமா. ஒரு கரைச்சல் இருக்கு. நான் எடுத்தது நிண்டு பாக்கிற ரிக்கற். நீங்கள் நிப்பீங்கள், அவவுக்கு ஏலுமோ?

மாமி: இவருக்கும் ஏலாது தம்பி. இவர் சொல்லமாட்டார், நான் சொல்லுறன். பத்து நிமிசம் நிண்டால் இடுப்பைப் பிடிக்கிறார்.

சுதா அக்கா: மண்டபத்துக்கு ஈமெயில் போடு. நிக்க ஏலாத ஆக்களுக்குக் கொஞ்ச இருக்கை ஒதுக்கி வைச்சிருப்பினம். வயசையும் வருத்தத்தையும் விளக்கமா எழுது, வெக்கப்படாத.

நிலா: தாத்தா அவங்க இப்ப எத்தனை வயசு? இன்னும் நல்லா வாசிப்பாங்களா?

பெரியமாமா: சிப்பியோவும் பற்றர்சனும் எழுவதைத் தாண்டினவை. 2015-ல சேந்து ஒரு அல்பம் போட்டவை. 2022-ல அவையின்ர கதையை ஒரு ஆவணப்படமா எடுத்து, அதுக்குப் பிறகுதான் இந்த ஊர்ச் சனமும் தேடத் தொடங்கினது. 2025 ஜனவரியில ‘றினெசன்ஸ்’ எண்டு புது அல்பம். நான் அதை ஒவ்வொரு நாளும் கேக்கிறன். குரலுகள் மாறியிருக்கு, அது இயல்பு. சிப்பியோவின்ர பேஸ் மாறேல்ல. அந்த இடைவெளி அப்பிடியே இருக்கு. சில கோஷ்டியள் திரும்பி வரேக்க பழைய பாட்டைப் பழைய மாதிரி வாசிச்சுக் காட்டிறதோட நிண்டிடும். இவை புதுசா எழுதினவை. விட்ட இடத்தில இருந்து தொடங்கினவை.

அம்மா: நானும் கேட்டன் அண்ணை. பக்கத்து வீட்டுப் பெடியன் போட்டுத் தந்தவன். ‘டவ்’ நல்லாயிருக்கு. சொல்லே இல்லாமல் குரல் வருகுது, ஆலாபனை மாதிரி.

பெரியமாமா: ஓம் தங்கச்சி. சரியாச் சொன்னாய்.

ஞாயிற்றுக்கிழமை

பெரியமாமா: அவவிட்டப் போட்டு இப்பதான் வாறம். பழைய றெக்கோட்டையும் கொண்டுபோனனான்.

மாமி: போற வழியெல்லாம் நெளிஞ்சதைப் பற்றி எப்பிடிச் சொல்லுறது எண்டு இங்கிலிஸில சொல்லிப் பாத்துக்கொண்டு வந்தவர்.

பெரியமாமா: சொன்னன். அவ றெக்கோட்டை எடுத்துப் பாக்கவே இல்லை. மட்டையைத்தான் மடியில வைச்சிருந்தவ. அந்தப் பேனை எழுத்தை விரலால தடவிக்கொண்டு, இது கலியாணத்துக்கு முந்தின எழுத்து எண்டவ. பிறகு அவற்ற எழுத்துக் கோணிப் போச்சாம், கை நடுங்கி.

சுதா அக்கா: 😢

பெரியமாமா: அதை அவவிட்டயே விட்டிட்டு வந்திட்டன். மருமோன், புதுசு வாங்கேக்க ரெண்டு வாங்கு. எனக்கு ஒண்டு, அவவுக்கு ஒண்டு. அவவிட்ட பிளேயர் இருக்கு, ஊசி மட்டும் மாத்தோணும். காசு நான் தருவன், வேண்டாம் எண்டு சொல்லக்கூடாது.

நான்: சரி மாமா. மண்டபத்தில இருந்து பதில் வந்திட்டுது. மூண்டு இருக்கை, மேல் மாடியில, முன் வரிசை. லிஃப்ற் இருக்காம்.

பெரியமாமா: கடவுளே. நல்லம் நல்லம். மேல இருந்தால் சிப்பியோவின்ர விரல் தெரியும்.

மாமி: கார் கொண்டு போகாதேங்கோ, நிப்பாட்ட இடம் கிடையாது. ரெயினில போங்கோ.

பெரியமாமா: ரெயினிலதான். அவவும் அதைத்தான் கேட்டவ. பால்ஹமில ஒருக்கா இறங்கி, அவர் முதல்முதல் வாடகைக்கு இருந்த தெருவைப் பாத்திட்டுப் பிறகு ஏறுவமாம். நாலு மணிக்கு வெளிக்கிடுவம் மருமோன், நேரத்துக்கு வந்திடு.