சிங்கப்பூர் – நியூயார்க் நேரடி விமானம்: 15,350 கி.மீ.க்கு ஏன் 18½ மணி நேரம்?

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கு மிகக் குறுகிய வான்தூரம் சுமார் 15,350 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று வகுத்தால் 17 மணி வரும். டிக்கெட்டில் இருப்பதோ சுமார் 18½. கேட்டை விட்டு நகர்வதிலிருந்து அடுத்த கேட்டில் போய் நிற்பதுவரை கணக்கு என்பதுதான் காரணம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, ஏறி இறங்கும்போது குறையும் வேகம் எல்லாம் அதில் அடக்கம்.

———

மேலே சொன்னதோடு காற்றையும் சேருங்கள். மிகக் குறுகிய பாதை வட துருவத்தின் அருகே போகிறது. ஆனால் விமானம் பெரும்பாலும் பசிபிக் பக்கம் சுற்றிப் போகும். மேற்கிலிருந்து கிழக்கே பாயும் ஜெட் ஸ்ட்ரீம் என்ற உயர்வானக் காற்று குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.க்கு மேலும் வீசுவதால், தூரம் கூடினாலும் நேரம் மிச்சம். திரும்பும்போதும் பல நாள் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகக் கிழக்கு நோக்கியே வரும். போய்வந்தால் உலகையே ஒரு சுற்று சுற்றியாயிற்று!

ஃபிராங்க்ஃபர்ட் வழிப் பயணத்தோடு ஒப்பிட்டால் புரியும். தூரம் சுமார் 1,100 கி.மீ.தான் அதிகம், நேரம் ஏறக்குறைய 24 மணி. இரண்டு மணி நிறுத்தம் போக, இரண்டு கட்டமும் மேற்கு நோக்கி, எதிர்காற்றில்.

———

எகானமி வகுப்பைத் தேடாதீர்கள், கிடையாது. மிக நீண்ட தூரம் பறப்பதற்கான ஏ350-900 யுஎல்ஆர் விமானத்தில் 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி, மொத்தம் 161 இருக்கைகள்தான். 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும் விமானம் அது. அவ்வளவையும் சுமக்க, ஆளும் சரக்கும் குறைய வேண்டும்.

———

அதிகம் பேர் தடுக்கி விழுவது தேதியில். நியூயார்க் கோடையில் சிங்கப்பூரைவிட 12 மணி, குளிர்காலத்தில் 13 மணி பின்னால். இரண்டு நேரத்தையும் ஒரே ஊர்க் கணக்குக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள்.

கோடையில் சிங்கப்பூரில் திங்கள் இரவு 11.35-க்குக் கிளம்பினால், அப்போது நியூயார்க்கில் திங்கள் காலை 11.35. செவ்வாய் காலை 6.00-க்கு இறங்கினால் பயணம் 18 மணி 25 நிமிடம். தேதி ஒன்றுதான் மாறுகிறது.

திரும்பும்போதுதான் வில்லங்கம். நியூயார்க்கில் திங்கள் இரவு 10.30-க்கு ஏறி 18 மணி 50 நிமிடம் பறந்தால், சாங்கியில் புதன் காலை 5.20. செவ்வாய்க்கிழமை காணாமலே போய்விடும். சென்னைக்கோ திருச்சிக்கோ அடுத்த விமானத்தைத் தனி டிக்கெட்டாகச் செவ்வாய்க்குப் போட்டால் அந்தப் பணம் போனதுதான். ஒரே பி.என்.ஆரில் போடுவதே நல்லது. முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிட வேண்டியது விமான நிறுவனத்தின் பொறுப்பாகிவிடும்.

———

தினசரி மாத்திரை போடுபவர்கள் இறங்கும் ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து உடனே மாற்றாதீர்கள். கிளம்பிய ஊர் நேரப்படி இடைவெளியை எண்ணுங்கள். இன்சுலின் எடுப்பவர்கள் அளவையும் நேரத்தையும் மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தைச் செக்-இன் பெட்டியில் போடவே வேண்டாம்.