மறுமொழி: ‘வாட்டிசினியம் எக்ஸ் எவென்டு’: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். இந்த இழையில் வந்த பரிந்துரைகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு நேற்று வேதாகமத்தின் தானியேல் நூலில் 11-ஆம் அதிகாரத்தை மறுபடி வாசித்தேன். நான் மொழிபெயர்க்கும் கட்டுரை அந்த அதிகாரத்தைப் பற்றியதுதான். அதன்மேல் வைத்துப் பார்த்தால் எந்தச் சொல் நிற்கும், எது நிற்காது என்று தெரிந்துவிடும்.

இடையில் சேர்ந்தவர்களுக்காக: நடந்து முடிந்ததை, நடக்கும் முன்பே சொன்னதுபோல எதிர்காலத்தில் வைத்து எழுதும் முறைக்குத்தான் லத்தீனில் அந்தப் பெயர்.

தானியேல் 11-இல் மன்னர்களுக்குப் பெயரே இல்லை. பழைய மொழிபெயர்ப்பில் ‘தென்றிசை ராஜா’, ‘வடதிசை ராஜா’ என்றுதான் வரும். ஆனால் கிரேக்க வரலாறு தெரிந்தவர் வரிக்கு வரி பெயர் போட்டுவிடலாம். தெற்கு, எகிப்தின் தாலமி வம்சம். வடக்கு, சிரியாவின் செலூக்கிய வம்சம். தெற்கத்தி இளவரசி வடக்கே மருமகளாகப் போவாள், அது நிலைக்காது என்கிறது 6-ஆம் வசனம். அவள் இரண்டாம் தாலமியின் மகள் பெரெனிக்கே. 30-ஆம் வசனத்தில் கித்தீமின் (இங்கே ரோமரின்) கப்பல்கள் வந்து வடதிசை ராஜாவைத் திருப்பி அனுப்பும். கி.மு. 168-இல் அலெக்சாந்திரியாவுக்கு வெளியே நடந்தது அது. ரோமத் தூதர் பொப்பிலியுஸ், கையிலிருந்த கோலால் செலூக்கிய மன்னர் நான்காம் அந்தியோக்கஸைச் சுற்றி மணலில் ஒரு வட்டம் கிழித்து, இதைத் தாண்டுமுன் பதில் சொல் என்றார். எகிப்தையே வெல்ல வந்தவர் வாய்மூடி ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டு அவரால் எருசலேம் ஆலயம் தீட்டுப்பட்டது. அது 31-ஆம் வசனம்.

இதுவரை அளவெடுத்துத் தைத்த சட்டை. 45-ஆம் வசனத்தில் தையல் பிரிகிறது. அந்த ராஜா கடலுக்கும் பரிசுத்த மலைக்கும் இடையே கூடாரம் போட்டு, உதவ ஆளில்லாமல் முடிந்துபோவான் என்று வருகிறது. அந்தியோக்கஸ் கி.மு. 164-இல் செத்தது அங்கிருந்து வெகு தூரத்தில், பாரசீகத்தில். ஆகவே இதை எழுதியவர் 167-க்கும் 164-க்கும் நடுவில் இருந்தார், அதுவரை நடந்ததை வருங்காலமாக எழுதினார், பிறகு உண்மையிலேயே எதிர்காலத்தைச் சொல்லப் பார்த்தார் என்பது இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் முடிவு. இந்நூல் அந்தியோக்கஸ் காலத்தது என்று கி.பி. 3-ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கத் தத்துவவாதி போர்பிரி சொல்லிவிட்டார். அவருக்கு மறுப்பு எழுதிய திருச்சபை அறிஞர் ஜெரோமின் உரை வழியாகத்தான் அந்த வாதமே நம் கைக்கு வந்திருக்கிறது.

சரி, பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> ‘போலித் தீர்க்கதரிசனம்’ என்று போட்டால் இரண்டு சொல்லில் முடிந்துவிடுமே.

முடியாது ஐயா, அங்கேதான் சண்டை ஆரம்பிக்கும். ‘கள்ளத்தீர்க்கதரிசி’ என்று வேதத்திலேயே ஒரு சொல் இருக்கிறது. வாசகர் இதையும் அதோடு முடிச்சுப் போடுவார். அதைவிட, கலைச்சொல் தீர்ப்பு எழுதக் கூடாது. தானியேல் பாபிலோனில் கி.மு. 6-ஆம் நூற்றாண்டில்தான் எழுதினார் என்று நம்புகிறவரும் இந்தச் சொல்லை வைத்துத்தான் மறுக்க வேண்டும். மறுக்கிறவர் கையிலும் கூசாமல் நிற்கிற சொல்தான் வேண்டும்.

எழுதியவர் ஊரை ஏமாற்றத்தான் எழுதினார் என்பதும் எனக்கு ஒப்பவில்லை. “ராஜாக்களைத் தள்ளி, ராஜாக்களை ஏற்படுத்துகிறவர்” என்று 2-ஆம் அதிகாரத்தில் சொன்னதைத்தான் 11-இல் ஆள் ஆளாக நிறுத்திக் காட்டுகிறார். இத்தனை பேர் வந்தார்கள், போனார்கள், ஒருவனும் தன் இஷ்டத்துக்கு வரவில்லை. இப்போது நம்மை வதைக்கிறவனுக்கும் நாள் குறித்தாயிற்று என்பது அவர் பேச்சு. எதிர்காலத்தில் வைத்துச் சொன்னால்தான் அந்தப் பேச்சு எடுபடும். அவர் மட்டும் செய்ததும் இல்லை. பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு பாபிலோனியக் களிமண் பலகை, அசீரியா விழுந்ததிலிருந்து மாசிடோனியர் வரவு வரை, ஓர் அரசன் எழுவான், இத்தனை ஆண்டு ஆள்வான் என்றே போகிறது. விஷ்ணு புராணத்தில் பராசரர் மைத்ரேயருக்கு, கௌடில்யன் சந்திரகுப்தனுக்கு முடிசூட்டுவான் என்று எதிர்காலத்தில் சொல்கிறார். நமக்கு வேண்டிய சொல் அங்கேயும் செல்ல வேண்டும்.

> ‘பின்னோக்குத் தீர்க்கதரிசனம்’?

தீர்க்கம் என்றால் நீளம், தரிசனம் பார்வை. தூரத்தை முன்னே பார்ப்பதற்குப் பின்னோக்கு என்று அடைமொழி கொடுத்தால் வண்டிக்கு இரண்டு பக்கமும் மாடு கட்டியதுபோல. தவிர, 1995-இல் வந்த திருவிவிலியம் ‘இறைவாக்கு’ என்கிறது. கத்தோலிக்க வாசகருக்கு அதுதான் பழக்கம். எந்த மொழிபெயர்ப்பின் சொல்லோடும் ஒட்டாமல் இருப்பது நல்லது.

> ‘பின்னெழுந்த முன்னுரை’ எப்படி?

வாய்விட்டுச் சிரித்தேன். எல்லா முன்னுரையும் அப்படித்தானே எழுதுகிறோம்!

இனி என் பரிந்துரை. எபிரேயத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கம் உண்டு. “இஸ்ரவேல் என்னும் கன்னிகை விழுந்தாள்” என்று தீர்க்கதரிசி ஆமோஸ் புலம்பும்போது இஸ்ரவேல் நன்றாக நின்றுகொண்டிருந்தது. அதன் தலைநகர் சமாரியா விழுந்தது பல ஆண்டு கழித்து, கி.மு. 722 வாக்கில். வரப்போவது உறுதி என்பதால் இறந்தகாலத்தில் சொல்லிவிடுகிறார். இது நமக்குப் புதிதா? வீட்டில் சட்டை தேடிக்கொண்டே தொலைபேசியில் ‘இதோ வந்துட்டேன்’ என்கிறோமே. வாராக் காலத்தை இறந்தகாலத்தில் சொல்வது விரைவுப் பொருளில் வரும் என்று தொல்காப்பியம் வினையியலில் இதற்கு நூற்பாவே இருக்கிறது.

ஆக இரண்டும் ஒரே கயிற்றின் இரு முனை. ஒன்று வரப்போவதை வந்ததாகச் சொல்வது, மற்றது வந்ததை வரப்போவதாகச் சொல்வது. நன்னூல் சொல்லும் 32 நூல் எழுதும் உத்திகளில் ‘உரைத்தும் என்றல்’, ‘உரைத்தாம் என்றல்’ என்று ஒரு சோடி இருக்கிறது: பின்னால் சொல்வோம் என்பது, முன்னால் சொன்னோம் என்பது. அதே அச்சில் வார்த்தால்:

வந்தது வருமென்றல்: நாம் தேடும் சொல்.
வருவது வந்ததென்றல்: ஆமோஸ் செய்தது.

‘நடந்தது நடக்குமென்றல்’ என்றும் எழுதிப் பார்த்தேன். ஆனால் “மந்திரிக் கழகு வரும்பொரு ளுரைத்தல்” என்ற வெற்றிவேற்கை வரி நாக்கில் இருக்கும்போது ‘வரும்’ என்பதை விட மனம் வரவில்லை.

போதகராக இருக்கும் நண்பர் ஒரு கேள்வி வைத்திருந்தார்: இப்படி ஒரு சொல் கிடைத்துவிட்டால் எல்லாத் தீர்க்கதரிசனத்தின்மீதும் இதை ஒட்டிவிட மாட்டார்களா? ஒட்ட முடியாது ஐயா. எசேக்கியேல் 26-ஐப் பாருங்கள். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் தீரு என்னும் கடற்கரை நகரின் மதிலை இடிப்பான், நகரம் கொள்ளைபோகும் என்று சிறையிருப்பின் 11-ஆம் வருஷத் தேதியிட்டு வருகிறது. 13 ஆண்டு முற்றுகை நடந்ததாக யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் சொல்கிறார். பிறகு 27-ஆம் வருஷத் தேதியில், 29-ஆம் அதிகாரத்தில் அதே தீர்க்கதரிசி எழுதுகிறார்: கடும் ஊழியம் செய்து படைவீரர் தலையெல்லாம் வழுக்கையாயிற்று, தோளெல்லாம் தோல் உரிந்தது, ஆனால் தீருவிலிருந்து அவனுக்கோ சேனைக்கோ கூலி கிடைக்கவில்லை, அதற்கு ஈடாக எகிப்தைக் கொடுக்கிறேன் என்கிறார் ஆண்டவர். முடிந்தபின் எழுதியதாக இருந்தால் 26-ஆம் அதிகாரம் இந்த வடிவத்தில் இருக்குமா? திருத்தாமல் அதை அப்படியே விட்டு, பக்கத்திலேயே கூலிக் கணக்கையும் வைத்திருக்கிறார்கள். இது வந்தது வருமென்றல் அல்ல என்று அடித்துச் சொல்வதற்கும் சொல் வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

ஒரு சிக்கல் மிச்சம். பெயரடையாக வரும்போது ‘வந்தது வருமென்ற பகுதி’ என்று எழுதினால், ஏதோ வந்துவிட்டது, இன்னொன்று வரும் என்று வாசிக்க இடமிருக்கிறது. சேர்த்து ‘வந்ததுவருமென்றற் பகுதி’ என்றால் பல் உடையும். ‘இரட்டுற மொழிதல்’ என்பதை நாம் ‘இரட்டுற மொழிந்த பாடல்’ என்று பழக்கிக்கொண்டதுபோல இதுவும் பழகிவிடும் என்பது என் எண்ணம். இலக்கணம் தெரிந்தவர்கள் யாராவது இந்த இடத்தை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை சொல்லட்டவணையை அனுப்பியாக வேண்டும்.

அன்புடன்