ஊசி போட்டபின் அப்பாவின் மூன்று மாதச் சர்க்கரை இறங்கியது, ஆனால்...

காவிரிக்கரை:
அப்பாவுக்கு 19 வருடமாகச் சர்க்கரை. போன வருடம் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். பார்த்தால் ஹீமோகுளோபின் 8.4. உடனே அம்மா முருங்கைக்கீரை சூப், பேரீச்சம்பழம், பீட்ரூட் என்று இறங்கிவிட்டார். ஒரு மாதம் கழித்தும் ஹீமோகுளோபின் அசையவில்லை, பொட்டாசியம் 5.8, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 2.9, இரண்டுமே அதிகம். சிறுநீரக டாக்டர் முதலில் நிறுத்தச் சொன்னது பொட்டாசியம் நிறைந்த அந்தச் சூப்பைத்தான்!

சிவப்பணு தயாரிக்கும்படி எலும்பு மஜ்ஜையைத் தூண்டுகிற எரித்ரோபொயட்டின் பெரும்பாலும் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறதாம். சிறுநீரகம் கெடக் கெட அதுவும் குறைகிறது. தூண்ட ஆளில்லாதபோது கீரை என்ன செய்யும்? பெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் டெஸ்ட்) பார்த்து, இரும்புச்சத்தை நரம்பில் ஏற்றி, அப்புறம் வாரம் ஒரு எரித்ரோபொயட்டின் ஊசி ஆரம்பித்தார்கள்.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான். மூன்று மாதத்தில் ஹெச்பிஏ1சி (சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை வைத்து மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் டெஸ்ட்) 8.1லிருந்து 6.3க்கு வந்தது. வீடே குஷி. அப்பா மைசூர்பாகு கேட்டார். ஆனால் வீட்டு மெஷினில் வெறும் வயிற்றில் 170, 180 என்றே காட்டியது. மெஷின் ரிப்பேர் என்று புதிதாக ஒன்று வாங்கினேன் (வீண் செலவு). வீட்டு அளவுகளை எழுதிவைத்த நோட்டை டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஊசியால் புது அணுக்கள் நிறைய வந்திருக்கின்றன. அவற்றில் சர்க்கரை ஒட்ட இன்னும் நாளாகவில்லை. அதனால்தான் ஏ1சி குறைவாகத் தெரிகிறது. நோட்டை நம்புங்கள்." இன்சுலின் இரண்டு யூனிட் கூடியது.

வேப்பமரத்தடி:
எங்கள் வீட்டில் நேர்மாறு அண்ணா. அம்மாவுக்கும் சர்க்கரை, ரத்தம் 9தான். சிறுநீரகமோ என்று பயந்து ஓடினோம். கிரியாட்டினின், யூரின் ஆல்புமின் (சிறுநீரில் போகும் புரதம்) இரண்டும் நார்மல். 12 வருடமாக மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டதில் வைட்டமின் பி12 குறைந்திருந்தது. பி12 ஊசி போட்டதும் கால் எரிச்சல்கூட மட்டுப்பட்டது.

மலைக்கோட்டை:
அந்த வாராந்திர ஊசி போடுகிறவர்கள் பிரஷரை விடாமல் பாருங்கள். என் மாமனாருக்கு 170ஐத் தாண்டியது. ஹீமோகுளோபின் 11.8 வந்ததும் டாக்டரே அளவைக் குறைத்துவிட்டார். "13 வரை ஏற்றலாமே" என்று நான்தான் அதிகப்பிரசங்கித்தனமாகக் கேட்டேன். அப்படி ஏற்றினால் பக்கவாத ஆபத்து கூடும் என்றார்.

வேப்பமரத்தடி:
காவிரிக்கரை அண்ணா, மைசூர்பாகு என்ன ஆச்சு?

காவிரிக்கரை:
பாதித் துண்டு. மீதியை அம்மா பிடுங்கிக்கொண்டார்.