கினிப்பன்றிக்குப் பச்சைத் தழை: எது, எவ்வளவு, வாரத்தில் எத்தனை முறை?

கேள்வி
வளர்ந்த கினிப்பன்றிகள் இரண்டு இருக்கின்றன, ஒவ்வொன்றும் சுமார் ஒரு கிலோ. தொட்டியில் கொத்தமல்லி, புதினா, பார்ஸ்லி, பேசில் (துளசி இனத் தழை) எல்லாம் வளர்கின்றன. பார்ஸ்லியில் வைட்டமின் சி அதிகம் என்கிறார்களே, அதையே தினமும் ஒரு பிடி போட்டால் போதுமா? இரண்டில் ஒரு கினிப்பன்றியின் சிறுநீர் காய்ந்த இடத்தில் வெள்ளையாகப் பொடி படிகிறது. இதற்கும் தீனிக்கும் சம்பந்தம் உண்டா?

பதில் 1
உண்டு. உணவில் கூடுதலாக வரும் கால்சியத்தைக் கினிப்பன்றி பெருமளவு சிறுநீர் வழியாகத்தான் வெளியேற்றும். அந்த வெள்ளைப் படிவு அதுதான். மாவு மாதிரி இருந்து எப்போதாவது தெரிந்தால் பயப்பட வேண்டாம். விரலால் தேய்க்கும்போது மணலாக நெருடினாலோ, சிறுநீர் கழிக்கையில் கத்தினாலோ, ரத்தம் தெரிந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள். சிறுநீர்ப் பாதையில் கால்சியம் கார்பனேட் கல் சேர்ந்திருந்தால் அதில் நன்றாகத் தெரியும்.

பார்ஸ்லியைத் தினமும் போடாதீர்கள். 100 கிராமில் வைட்டமின் சி 130 மி.கி. அளவுக்கு இருப்பது உண்மை. கால்சியமும் கிட்டத்தட்ட அதே அளவு இருக்கிறது, கூடவே, கல் உருவாகத் துணைபோகும் ஆக்சலேட் என்ற பொருளும். வாரத்துக்கு இரண்டு முறை, இரண்டு மூன்று கொத்து போதும். பேசிலும் புதினாவும் இதே கணக்கு. கொத்தமல்லியில் கால்சியம் பார்ஸ்லியில் பாதிதான். தினமும் ஐந்தாறு தண்டு தரலாம், தண்டோடு சேர்த்தே.

பதில் 2
வைட்டமின் சி-க்குத் தழையை நம்புவதே தப்பு. கினிப்பன்றியின் உடல் அதைத் தானாகத் தயாரிக்காது. கிலோ எடைக்குத் தினமும் 10 முதல் 30 மி.கி. வேண்டும், சினையாக இருந்தால் இன்னும் கூடுதல். 10 கிராம் கொத்தமல்லியில் மூன்று மி.கி.கூடத் தேறாது. 20 கிராம் சிவப்புக் குடமிளகாய் கொடுத்தால் 25 மி.கி. கிடைத்துவிடும், கால்சியமும் மிகக் குறைவு. தழை வாசனைக்கும் மாற்றத்துக்கும்தான்.

வைட்டமின் சொட்டு மருந்தைத் தண்ணீர்ப் புட்டியில் கலக்காதீர்கள். சத்தும் சீக்கிரம் சிதையும், சுவை மாறுவதால் தண்ணீர் குடிப்பதும் குறையும். கல் சேரும் உடம்புக்கு அது இரட்டைக் கேடு.

பதில் 3
இரண்டு பதிலும் சரி. ஆனால் பழக்கும் விதத்தை யாரும் சொல்லவில்லை. ஒரு நேரத்தில் ஒரே புதுத் தழை, முதல் நாள் ஒரே ஒரு கொத்து. இரண்டு நாள் புழுக்கையைக் கவனியுங்கள். கெட்டியாக, நீள்வட்டமாக இருந்தால் அளவைக் கூட்டலாம். இளகினால் நிறுத்திவிட்டு உலர்புல்லை மட்டும் கொடுங்கள். குடலில் நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் புதுத் தீனிக்குப் பழக நேரம் வேண்டும். திடீரென்று கூடை நிறையப் போட்டால் வாயு கட்டும், இவற்றுக்கு வாந்தி எடுக்கவும் வராது. வயிறு மத்தளம் போல் விறைத்தாலோ, அரை நாள் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தாலோ காத்திருக்கக் கூடாது.

ஓடும் தண்ணீரில் அலசி, உதறிப் போடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். வாடி, வழுவழுத்த இலை வேண்டவே வேண்டாம். கடையில் வாங்கிய தொட்டிச் செடியில் பூச்சிமருந்து இருக்கலாம். பழைய இலைகளைக் கிள்ளிவிட்டுப் புதிதாகத் துளிர்த்ததையே கொடுங்கள்.

வெங்காயத்தாள், பூண்டுத்தாள், சைவ்ஸ் (வெங்காய இனத் தழை) மூன்றும் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். தக்காளி இலை, உருளைக்கிழங்கு இலை, ருபார்ப் ஆகியவையும் நஞ்சு. புதினா இனத்திலேயே பென்னிராயல் ஈரலைக் கெடுக்கும். பெயர் தெரியாத புதினாவைத் தொடாதீர்கள்.

கேட்டவர்
நன்றி. மிஞ்சும் தழையை உலர்த்தி வைத்துக் கொடுக்கலாமா?

பதில் 1
கொடுக்கலாம், ஆனால் அளவைக் கண்ணால் மதிப்பிட்டு ஏமாறாதீர்கள். உலர்ந்ததும் தண்ணீர் போய்விடும், கால்சியம் அப்படியே இருக்கும். வைட்டமின் சி பெரும்பாலும் போயிருக்கும். உலர்புல் தின்ன அடம்பிடிக்கும்போது மேலே ஒரு சிட்டிகை தூவலாம். வெள்ளைப் படிவு உள்ளதற்கு இப்போதைக்கு அதுவும் வேண்டாம். அதன் உலர்புல் அல்ஃபால்ஃபாவா (குதிரைமசால்) என்றும் பாருங்கள்: அதில் கால்சியம் மிக அதிகம், குட்டிக்கும் சினைக்கும் மட்டுமே சரி. அப்படியானால் ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக, கால்சியம் குறைந்த திமோத்தி உலர்புல்லுக்கு மாற்றிவிடுங்கள்.