ஹாஃப் டோம், ஸ்நேக் டைக்: ஜூலை வெயிலில் ஏறுவதற்கு ஐந்து மணிப் புறப்பாடு போதுமா?

கேள்வி

வணக்கம். வரும் ஜூலையில் கலிபோர்னியாவின் யோசெமிட்டிப் பூங்காவில், ஹாஃப் டோம் பாறைமலையில் உள்ள ஸ்நேக் டைக் என்னும் ஏறும் வழியில் நானும் என் மனைவியும் ஏற எண்ணியிருக்கிறோம். எட்டு பிட்ச் (ஒவ்வொன்றும் ஒரு கயிற்று நீள ஏற்றம்), அமெரிக்க அளவில் எளிய பக்கமான 5.7 தரம் என்பதால் கடினம் எங்களை மிரட்டவில்லை, வெயில்தான் கவலை. சென்ற ஆண்டு வேறொரு சரிவுப்பாறையில் நண்பகலுக்குப் பின் ஏறியபோது, நம்பி அழுத்திய கால் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கிக்கொண்டே இருந்தது. பிலேயில் (ஏறுபவரின் கயிற்றைப் பிடித்து நிற்கும் இடத்தில்) நிழலின்றி நாற்பது நிமிடம் நின்ற என் மனைவி, இறங்கும் வழியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். காலை ஐந்து மணிக்கு நடைபாதை தொடங்கும் ஹேப்பி ஐல்ஸிலிருந்து புறப்பட்டு, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்துச் செல்வது சரியாக இருக்குமா?

மறுமொழி 1

ஐந்து மணி என்பது தாமதம். அந்தப் பாறைமுகம் தென்மேற்கு நோக்கியது; காலையில் நிழலில் இருந்து, முற்பகல் கடந்த பிறகே வெயிலுக்கு வருகிறது. அடிவாரம் சேரவே நான்கு மணி நேரம் நடக்க வேண்டும் என்பதால், ஐந்துக்குக் கிளம்புகிறவர் ஒன்பது மணிக்குக் கயிறு கட்டுவார். பிட்ச்சுக்கு முப்பத்தைந்து நிமிடம் என்று வைத்தாலும் எட்டு பிட்ச்சுக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிவிடும். பாதி வழி சுட்ட பாறையில்தான். இரண்டரை மணிக்குப் புறப்படுங்கள். உராய்வை மட்டுமே நம்பிக் குறுக்கே நகரும் கடினமான இடங்கள் முதல் மூன்று பிட்ச்களில்தான் வருகின்றன, அவற்றைக் குளிர்ந்த பாறையில் கடந்துவிட வேண்டும்.

அதற்கு மேல், வழிக்கு ‘ஸ்நேக் டைக்’ என்று பெயர் தந்த, பாறையிலிருந்து பாம்பைப் போலப் புடைத்து நெளிந்தேறும் கல்வரியின் முதுகில் கால் வைக்க இடம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் கயிற்றை மாட்டப் பாறையில் அடித்த ஒரு போல்ட்டுக்கும் அடுத்த போல்ட்டுக்கும் நடுவே சில இடங்களில் இருபது மீட்டர் வரை வெறும் பாறைதான். 1965-இல் எரிக் பெக், ஜிம் பிரிட்வெல், கிறிஸ் ஃபிரெடெரிக்ஸ் மூவரும் முதலில் ஏறிய வழி இது. அவர்களுடைய துணிச்சலை நம்மிடமும் எதிர்பார்க்கிறது. எளிதுதானே என்று அசட்டையாக ஏறுகிறவருக்கு அங்கே ஒரு சறுக்கல் நீண்ட வீழ்ச்சியாகிவிடும்.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன், ஒன்றைத் தவிர: கயிற்றைச் சுருட்டிய பிறகும் வெயில் உங்களை விடாது. எட்டாவது பிட்ச் முடிந்ததும் உச்சி வந்துவிட்டது என்று நினைப்பார்கள். அதன் பிறகுதான், கயிறு தேவைப்படாத, ஆனால் முடிவே தெரியாத ஒரு பாறைச் சரிவு உச்சி வரை நீள்கிறது. கெண்டைக்கால் எரிய எரிய, வெந்த பாறையின் அனல் முகத்தில் அடிக்க, அதில் ஒரு மணி நேரம் நடந்தேன். என்னிடம் அப்போது எஞ்சியிருந்தது கால் லிட்டர் தண்ணீர்.

ஆகவே, அளவைவிட எங்கே நிரப்புகிறீர்கள் என்பது முக்கியம். கீழிருந்தே மூன்று லிட்டரைச் சுமக்க வேண்டாம். நெவாடா அருவி வரை ஒரு லிட்டருடன் ஏறி, அங்கே மெர்செட் ஆற்று நீரை வடிகட்டி, வயிறு நிறையக் குடித்துவிட்டு மூன்று லிட்டர் நிரப்பிக்கொள்ளுங்கள். அடுத்த நம்பகமான நீர், மறுபக்கம் இறங்கி லிட்டில் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கை அடையும்போதுதான். வெறும் தண்ணீரோடு உப்பும் உள்ளே போகட்டும். நாங்கள் ஊறுகாய் தடவிய சப்பாத்திச் சுருள் கொண்டுபோனோம், அதைப் போல வேறெதுவும் இறங்கவில்லை. பிலேயில் நிற்பவருக்கு முழுக்கை வெள்ளைச் சட்டையும் ஹெல்மெட்டுக்கு அடியில் கழுத்தை மூடும் துணியும் கட்டாயம். ஏறும் காலணி ஒரு சுற்று இறுக்கமாக இருந்தால், வெயிலில் பாதம் வீங்கியதும் ஒவ்வொரு பிலேயிலும் கழற்றி மாட்டவே பத்து நிமிடம் போய்விடும்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டரை மணிக்கே கிளம்புகிறோம். இறங்குவதற்கு, நடந்து வருபவர்கள் உச்சியேறப் பிடித்துச் செல்லும் கம்பிவடப் பாதைக்கான அனுமதிச் சீட்டு வேண்டுமா? எங்களுக்கு முன்னால் வேறு குழு இருந்தால் என்ன செய்வது?

மறுமொழி 1

பாறை வழியாக உச்சியை அடைந்தவர்கள் கம்பிவடத்தில் இறங்க அனுமதிச் சீட்டு தேவையில்லை. கையுறை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டு குழுக்கள் முன்னால் காத்திருந்தால், உங்கள் நிழல் அவர்களுக்குப் போய்விட்டது என்று கொள்ளுங்கள். கோடையில் பிற்பகல் இடிமழையும் உண்டு, ஒரே கயிற்றுடன் பாதியிலிருந்து இறங்குவதும் நம்பத்தக்கதல்ல. எட்டரை மணிக்குள் முதல் பிட்ச்சில் கை வைக்க முடியாவிட்டால் அடிவாரத்திலிருந்தே திரும்பிவிடுங்கள். லாஸ்ட் லேக்கைக் கடந்து அடிவாரம் செல்லும் ஒற்றையடித் தடம் இருட்டில் எளிதில் தவறும்; முடிந்தால் முந்தைய நாள் மாலையே அதுவரை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.