பல் கேப்புக்கு நிக்கலா, கோபால்ட்டா?

கேள்வி:
அண்ணாச்சிமாரே, பாளையங்கோட்டையில் அம்மாவுக்கு மூன்று பல் பிரிட்ஜ் (சேர்த்துச் செய்த கேப்) போடணும். கவரிங் கம்மல் போட்டாலே அவங்களுக்குக் காது புண்ணாகி நீர் வடியும். டாக்டர் மெட்டல் செராமிக் (உள்ளே உலோகம், மேலே பீங்கான்) என்கிறார், உள்ளே என்ன உலோகம் என்று கேட்கணுமா?

பதில்:
கட்டாயம் கேளுங்க தம்பி. விலை குறைந்த கேப்பில் பெரும்பாலும் நிக்கல்-குரோமியம்தான், கவரிங் கம்மலில் கலந்திருக்கும் நிக்கல் ஒத்துக்காதவங்களுக்கு அதே நிக்கல் ஈறிலும் தொந்தரவு தரலாம். நிக்கல் இல்லாத கோபால்ட்-குரோமியம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்க.

பதில்:
வண்ணார்பேட்டையில் பல் கேப் செய்யும் லேப்பில் வேலை பார்க்கிறேன். நிக்கல் கலவை வாங்கினால் பெரிலியம் என்ற உலோகம் இல்லாதது என்று டப்பாவில் பார்த்துத்தான் எடுப்பேன், ஏன்னா பெரிலியம் சேர்த்தால் உருக்கி ஊற்றும்போது நல்லா ஓடும், ஆனால் தேய்க்கும்போது பறக்கிற தூசி எங்க நுரையீரலைக் கெடுத்துவிடும். பல்லேடியம் என்ற விலை உயர்ந்த உலோகம் சேர்ந்த கலவையும் உண்டு, 2022 மார்ச்சில் அந்த உலோகம் அவுன்ஸ் 3,000 டாலரைத் தாண்டியது. உலோகமே வேண்டாம் என்றால் சிர்கோனியா என்ற வெள்ளை செராமிக் கேப், செலவு கூடும்.

கேட்டவர்:
சரி அண்ணாச்சி, நாளைக்கே டாக்டரிடம் கேட்கிறேன்.